யாரைக் கேட்டு வெட்டுவது

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை எங்கள் குவார்ட்டர்ஸின் பின்கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அந்தப் பக்கத்திலிருந்து இலையும் கிளையுமாக ஏதோ ஒன்று திருப்பித் தள்ளியது. முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தால், கொல்லையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, துவைக்கிற கல்லையும் தண்ணீர்க் குழாயையும் மூடிக்கொண்டு கிடந்தது. தெருவுக்கு வந்தேன். தெருவைக் காணோம். நிழலுக்காகவே எங்கள் பிளாக்கை எல்லோரும் கேட்டு வாங்கி வருவார்கள். அந்த மரங்கள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. வானம் திடீரென்று மிகப் பெரியதாகத் தெரிந்தது. ஊர் ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற நெய்வேலியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

என் கணவர் முதல்நாள் ஷிஃப்டுக்குப் போனவர், அனல்மின் நிலையத்திலேயே தங்கிவிட்டார். போனில் சிக்னல் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போவேன், வெளியே வருவேன். அரிசியை எடுத்து வைத்த பிறகுதான் தண்ணீர் இல்லை என்பது நினைவு வரும். துடைப்பத்தை எடுத்து இரண்டு இலையைத் தள்ளிவிட்டு, இதில் எதைப் பெருக்குவது என்று அப்படியே சாத்தி வைப்பேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், மரங்களின் மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, தோளில் மரம் அறுக்கும் மெஷினோடு என் அண்ணன் வந்தான். மந்தாரக்குப்பத்திலிருந்து அப்படியேதான் வந்திருக்கிறான். சட்டையெல்லாம் கீறல்.

"நல்லாகிறியா பாப்பா? இன்னா, கதவு தொறக்கலியா?"

"பின்னாடி மரம் கெடக்குதுண்ணா."

"நவுரு."

அவன் மெஷினைக் கீழே வைப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். ரிட்டயர் ஆகச் சில மாதங்களே இருந்த, யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். "சார், இது டவுன்ஷிப் மரம். ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டினா நல்லது" என்றார்.

"மரம் டவுன்ஷிப்போடதுதாங்க. கதவு என் தங்கச்சியோடது. அவ வெளிய போவறதுக்கு யாரக் கேக்கணும்?"

கயிற்றை இழுத்தான். மெஷின் அலறியது. மதியத்துக்குள் பின்கதவு திறந்தது. சாயங்காலம், ஆபீஸில் சொல்லலாம் என்றவரின் வாசலில் கிடந்த மரத்தையும் அவனே அறுத்துக் கொடுத்தான். அவர் மறுக்கவில்லை.

என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். சுரங்கத்துக்கு நிலம் அளந்தபோது கோடு இரண்டு பேர் பங்குக்கும் நடுவில் போனது. அப்பாவின் பங்கு போயிற்று. முத்தாண்டிக்குப்பத்தை ஒட்டியிருந்த சித்தப்பாவின் முந்திரித் தோப்பு தப்பியது. நிலத்துக்கு ஈடாக அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. அவர் பணியில் இருக்கும்போதே இறந்ததால் அந்த வேலை அண்ணனுக்கு வந்தது. பெர்மனென்ட் வேலை. அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் என்ன எடை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அதைத்தான் அண்ணன் சில வருடங்கள் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. நல்ல வேலையை விட்டவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே உறவில் பாதிப் பேர் நம்பினார்கள்.

அவனுக்குக் கலங்கவில்லை. தெளிவாகத்தான் இருந்தான், அதுதான் தொல்லை. எங்கிருந்தோ படித்து, யார் யாருடனோ இரவெல்லாம் எழுதி வாதாடி, ஒரே முடிவுக்கு வந்திருந்தான்: அரசாங்கம் என்பது திருடனைப் பிடிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு வேலையும் அதற்குக் கிடையாது. மற்றதை மனிதர்கள் தங்களுக்குள் பேசி, கொடுத்து, வாங்கிச் செய்துகொள்வார்கள். வரி என்பதும் கேட்காமல் எடுப்பதுதான் என்பான். "அப்பாவுக்கு வேலை குடுத்தாங்களேண்ணா" என்று நான் கேட்டால், "எடுத்துக்கினு குடுத்தாங்க. மொதல்ல கேட்டாங்களா? வேணாம்னு சொல்ற உரிம அவருக்கு இருந்துதா?" என்பான். மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்னக் கடை பிடித்து, சில அறுப்பு மெஷின்களை வாங்கிப் போட்டு, மரம் வெட்ட ஆள் அனுப்பும் தொழில் செய்துகொண்டிருந்தான்.

புயல் வந்து அவன் தொழிலை ஒரே இரவில் ஊரின் தலையாய தேவையாக்கிவிட்டது.

டவுன்ஷிப்புக்குள் நிர்வாகத்தின் ஆட்களும் கிரேன்களும் இறங்கி, பெரிய ரோடுகளைச் சீக்கிரமாகவே சுத்தம் செய்துவிட்டார்கள். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது என்று நினைக்கிறேன். வெளியே கிராமங்களில்தான் நிலைமை மோசம். வீட்டுக் கூரைமேல் பலா, கிணற்றின்மேல் புளி, சந்துக்குச் சந்து முந்திரி. சிக்னல் திரும்பியதும் அண்ணன் சேலம் பக்கத்து மரம் வெட்டும் ஆட்களைக் கூப்பிட்டான். மெஷின்களோடு இரண்டு வேன்களில் வந்தார்கள். வழக்கமான கூலிபோல் மூன்று மடங்கு. ஜனங்கள் கடை வாசலில் நின்று திட்டினார்கள். திட்டிக்கொண்டே ஆளை அழைத்துப் போனார்கள்.

நானும் கேட்டேன். "இவ்ளோ ஏத்தி வாங்குறியேண்ணா, ஜனங்களுக்கு வயிறு எரியுது."

"வயிறு எரியுது, வாசல் தொறக்குதில்ல?" என்றான். "பாப்பா, கூலி ஏறினதாலதான் அவனுங்க அங்கேர்ந்து கெளம்பி வந்தானுங்க. என் மூஞ்சிக்காகவா வந்தானுங்க? கம்மின்னா அவன் ஊர்லயே படுத்துக்கினு இருப்பான். அதுவும் இல்லாம, கூலி ஏறினதாலதான் அவசரம் இல்லாதவன் ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம்’னு ஒதுங்குறான். கூரைமேல மரம் விழுந்தவன் முன்னாடி வரான்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. சரியான பதிலைக் கேட்ட பிறகும் அடங்காத உறுத்தல் அது.

அப்புறம் ஒரு காலையில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள். மரம் அறுக்க இன்ன கூலிக்கு மேல் வாங்கினால் வழக்கு, மெஷின் பறிமுதல். புகார்கள் குவிந்ததால் தாலுகாவின் நிவாரணப் பொறுப்பில் இருந்த பெண் அதிகாரி போட்ட உத்தரவு. அண்ணனின் மெஷின்களையும் நெடுஞ்சாலை வேலைக்கென்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் கடைக்குள் பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். சேலத்து ஆட்கள் டீ குடித்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்கு மறுநாள் அண்ணன் கடைக்குப் போயிருந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். முதலில் வந்து காறித் துப்பாத குறையாகத் திட்டிவிட்டுப் போனவர்தான்.

"ஆளு இல்லீங்களா?"

"கெவர்மென்ட் ரேட்டுக்கு ஆளு இல்லீங்க."

"அது சரி" என்று சைக்கிள் சீட்டைத் தட்டினார். "அன்னிக்கு ஜாஸ்தி கேட்டாங்கன்னு திட்டினோம். இப்ப திட்டறதுக்குக் கூட ஒருத்தன் இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். கேட்டுக்கொண்டாயா என்ற பார்வை. நான் வேறு பக்கம் திரும்பினேன்.

நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளிக்கூடம் நிவாரண முகாமாகியிருந்தது. எங்களுக்கு மாற்றி மாற்றி அங்கே வேலை. வகுப்பறைகளில் பாய்கள். மைதானத்தில் பெரிய அடுப்பு. வேளைக்குச் சோறு வந்தது, டாக்டர் வந்தார், குழந்தைகளுக்குப் பால் வந்தது. குறை இருந்தது, ஆனால் யாரும் பட்டினி இல்லை. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் தோப்புகளுக்கு அப்பால் இருந்த காலனிக்காரர்கள். காலங்காலமாகப் பிறர் நிலத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள். இப்போது கான்ட்ராக்டில் மைன்ஸ், கட்டட வேலை, முந்திரிக்கொட்டை உடைப்பது என்று பலதும் செய்பவர்கள். எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்காவும் அவர்களில் ஒருத்தி. தினமும் என் வகுப்பறையைத் திறந்து வைக்கிறவள், இப்போது அதே வகுப்பறையில் ஒரு மூலையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

முகாமில் பாய்களுக்கு நடுவே நடந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த முகங்களில் ஒன்றைக்கூட நான் அண்ணன் கடை வாசலில் பார்த்ததில்லை. திட்டுவதற்குக்கூட அவர்கள் அங்கே வரவில்லை.

அன்று மாலை அவனிடம் சொன்னேன். "அவசரம் உள்ளவன் முன்னாடி வருவான்னு சொன்னியே. கையில ஒண்ணும் இல்லாதவ எப்டி முன்னாடி வருவா?"

"அவங்களுக்கு நான் சும்மாவே அறுத்துத் தருவேன். என்னக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவ்ளோதான்."

"நீ இல்லாத ஊர்ல?"

"அங்க என்னாட்டம் இன்னொருத்தன் இருப்பான்."

"இல்லன்னா?"

பைக்கை உதைத்தான். வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.

பெருக்குகிற அக்காவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு ஆடுகள் இருந்தன. புயலுக்கு முன்னால் பஸ்ஸில் ஏற்றியபோது ஆட்டை ஏற்ற விடவில்லை. பட்டியில் அடைத்துவிட்டு வந்திருந்தாள். காலனிக்குப் போக ஒரே வழி, சித்தப்பாவின் முந்திரித் தோப்பின் ஊடாகப் போகும் மண்பாதை. மறுபக்கம் ஓடை, அதில் மார்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தோப்பில் மரங்கள் எல்லாம் சாய்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாதையை மூடிவிட்டன. இளவட்டங்கள் சிலர் கிளைகளுக்கு அடியில் ஊர்ந்து போய், ஆடுகளுக்குத் தழையை ஒடித்துப் போட்டுவிட்டு வந்தார்கள். காலனியின் அடிபம்பு மரம் விழுந்து உடைந்திருந்தது. தண்ணீர் வண்டி போக முடியாது. கூரைக்குத் தகரமோ தார்ப்பாயோ கொண்டுபோக முடியாது. முகாமையும் சீக்கிரம் மூட வேண்டும் என்று பேச்சு வந்துவிட்டது. போவதற்கு இடம் இருந்தது, வழிதான் இல்லை.

"ஒரு மெஷினு, ஒரு நாளு, போதும் டீச்சர்" என்றாள் அக்கா. "ஆனா ஒங்க சித்தப்பா வுடமாட்டேங்கறாரு."

"ஏனாம்?"

"எண்ணிட்டுப் போவட்டும்ங்கறாரு."

விழுந்த மரங்களுக்கு இழப்பீடு தர அதிகாரிகள் வந்து எண்ணுவார்கள். அதுவரை விழுந்தது விழுந்தபடி கிடக்க வேண்டும் என்று எல்லாத் தோப்புக்காரர்களும் காத்திருந்தார்கள். அண்ணனிடம் சொன்னதும் அவன் கொதித்தான். "பாத்தியா? காசு தரேன்னு சொல்லியே ஊர முடக்கிப்புட்டாங்க. மரம் கெடக்கு, வெட்டக் கை கெடக்கு, மெஷினு கெடக்கு. எல்லாம் ஒருத்தன் வந்து எண்றதுக்காகக் காத்துகினு கெடக்கு." பின்பு அவனே சொன்னான்: "வா, சித்தப்பா கிட்டப் போவலாம். இது பேசித் தீக்கற விஷயம்."

அந்த நம்பிக்கையோடு அவன் வண்டி ஓட்டியது இப்போதும் நினைவிருக்கிறது. தன் கொள்கையை எனக்குக் கண்ணெதிரே நிரூபித்துக் காட்டப்போகிற உற்சாகம்.

சித்தப்பா தோப்பு ஓரத்தில், சாய்ந்த மரம் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது சின்ன அடி இல்லை. நட்டு வளர்த்துக் காய்ப்புக்கு வந்த மரங்கள். கண்கள் சிவந்திருந்தன. அண்ணன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"வழில கெடக்கறத மட்டும் நான் எடுத்துக்கறேன் சித்தப்பா. எண்ணினா இன்னா வருமோ அதுக்கு மேலயே தரேன். அறுத்து ஓரமா அடுக்கி வைக்கறேன், வெறகும் ஒங்களுதே."

சித்தப்பா சாய்ந்த மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் இன்னும் கூட்டிக் கேட்டான். உரிப்பது நிற்கவில்லை. மூன்றாம் முறை அவன் வாயைத் திறந்தபோது சித்தப்பா கையை உயர்த்தினார்.

"காசுக்குப் பேசாதடா. எண்ணிட்டுப் போனாலும் அந்த எடத்துல நான் வெட்டறதா இல்ல. காலைலயும் சாயங்காலமும் என் தோப்பு நடுவுல கும்பல் கும்பலா போய்கினு வந்துகினு... எத்தினி வருஷம்டா பாத்துகினு இருந்தேன். இப்ப தானா அடஞ்சிச்சு. அடஞ்சது அடஞ்சதாவே இருக்கட்டும்."

"அவங்க எப்பிடிப் போவாங்க?"

"ஓடப் பக்கம் போவட்டும். கெவர்மென்ட் பாலம் கட்டித் தரட்டும்."

கும்பல் என்று அவர் எந்த மனிதர்களைச் சொன்னார், ஏன் அவர்கள் நடப்பது மட்டும் அவர் கண்ணை உறுத்தியது என்பதை நாங்கள் இருவரும் பிறந்ததிலிருந்து அறிவோம். அதை வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் பேசிக்கொள்ளப் பழகியிருந்தோம். அண்ணன் எழுந்து நின்றான். அவன் முகம் நான் அதுவரை பார்க்காத முகமாக இருந்தது.

திரும்பும்போது வண்டியை வேகமாக ஓட்டினான். அப்புறம் காற்றில் கத்திச் சொன்னான். "எந்த வெலைக்கும் தரமாட்டேங்கறாரு பாப்பா."

"கேட்டுச்சு."

"எந்த வெலைக்கும்னா, அதுக்கு மேல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப இன்னா பண்ணப் போற?"

"அவரு மரம். அவரு மண்ணு."

"அந்த ஜனங்களோட வழி."

"அவரக் கேக்காம நான் எப்பிடி வெட்டறது? அப்பாவக் கேக்காம எடுத்தாங்கன்னு இத்தினி வருஷமா பேசிட்டு, அதையே நான் சித்தப்பாவுக்குப் பண்றதா?"

நான் இறங்கும்போது அவன் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை.

அன்று முழுக்க முகாமில் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் அலைந்தேன். அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் என்னைத் துரத்தியது. சாயங்காலம் அந்த அதிகாரி முகாமைப் பார்க்க வந்தார். என் வயதுதான் இருக்கும். தூக்கமில்லாத முகம், சேற்றுக் கால், ஓயாமல் அடிக்கிற போன். கூலிக்கு உத்தரவு போட்டு ஆட்களை ஓடவைத்தவர் இவர்தான் என்ற கோபம் எனக்கு இருந்தது. இருந்தும் அவரிடம் போய்ப் பாதையைப் பற்றிச் சொன்னேன். தோப்புக்காரர் என் சித்தப்பா என்பதையும் சொன்னேன்.

அவர் அக்காவைக் கூப்பிட்டார். "அந்த வழி எவ்வளவு காலமா இருக்கும்மா?"

"எங்க மாமியா கல்யாணங் கட்டிகினு வந்ததே அந்த வழியாத்தாங்க."

"பொதுவழி அது. அடைக்கறதுக்கு அவருக்கு உரிமை இல்ல" என்றார் என்னிடம். "காலையில முதல்ல பாதையில கிடக்கற மரத்தைப் போட்டோ எடுத்து எண்ணிடறோம். அவருக்கு நஷ்டம் வராது. அப்புறம் வெட்டச் சொல்லிடறேன். ஆனா எங்க மெஷின் எல்லாம் நெடுஞ்சாலையில நிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கறதா கேள்விப்பட்டேன்."

எனக்கு முகம் சூடாயிற்று. அவர் சிரிக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் அவன் குரல் வெளியே கேட்டது.

"ஆர்டர் போடறீங்களா மேடம், கேக்கறீங்களா?"

"கேட்டா வருவீங்களா?"

"அவரு ஒத்துக்கலீங்களே. மாட்டேன்."

"சரி, ஆர்டர்னே வச்சுக்குங்க."

"ஆர்டர்னா சுத்தமா வரமாட்டேன்."

போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு அடுத்த வகுப்பறைக்குப் போய்விட்டார் அதிகாரி.

மறுநாள் காலை தோப்பில் ஊரே கூடிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் போட்டோ எடுத்து, மரத்துக்கு மரம் சுண்ணாம்பால் குறி போட்டார். இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். சித்தப்பா அவர்களுக்குப் பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லி, நான் உண்ட சோற்றைச் சொல்லி ஏசினார். காலனிக்காரர்கள் கோடாரியும் கத்தியுமாக இறங்கினார்கள். முந்திரிக் கட்டை லேசில் அறுபடாது. வளைந்து நெளிந்து, ஒரு கிளை இன்னொன்றை அமுக்கிப் பிடித்திருக்கும். அக்கா வலிக்கிற முழங்காலோடு கிளைகளை ஓரத்துக்கு இழுத்தாள். நானும் இழுத்தேன்.

அண்ணன் வந்திருந்தான். மெஷினோடுதான். அதை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். நிற்கவா செய்தான்? நடந்தான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தான். வெட்டுகிறவர்களைப் பார்த்து, "அடியில வெட்டாத, மேல சுமை இருக்கு", "அந்தக் கொப்ப மொதல்ல இழு" என்று கத்தினான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. சித்தப்பா, "நீயாவது எனக்குப் பொறந்தவனாட்டம் நிக்கறியே" என்றார். அதைக் கேட்டதும் அண்ணனுக்கு உடம்பு கூசியதைக் கண்டேன்.

வெயில் ஏறியது. கொஞ்ச தூரம்தான் திறந்திருந்தது. ஒரு இளைஞன் வளைந்து விறைத்து நின்ற கிளையை அடியில் வெட்டினான். அண்ணன் "டேய்!" என்று கத்துவதற்குள் அது விடுபட்டு, சாட்டைபோல் வீசி, வெட்டியவன் தலையை உரசிக்கொண்டு போனது. அவன் குப்புற விழுந்தான். எல்லோரும் ஓடினோம். காதோரம் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. வேறொன்றும் இல்லை.

பின்னால் மெஷின் அலறியது.

அண்ணன் யாரையும் பார்க்காமல் முன்னால் வந்தான். "எல்லாரும் நவுருங்க" என்றான். சுமை எங்கே, இழுப்பு எங்கே என்று பார்த்துப் பார்த்து அறுத்தான். மரத்தூள் தலையிலும் மீசையிலும் அப்பியது. சித்தப்பா சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார். பொழுது சாயும் முன்பே தண்ணீர் வண்டி தோப்பைத் தாண்டிக் காலனிக்குள் போனது. அதன் பின்னாலேயே தார்ப்பாய் ஏற்றிய டிராக்டர் போனது. அக்காவின் ஆடுகளில் சில செத்திருந்தன. அவற்றில் ஒன்று சினை ஆடு. மிச்சத்தை ஓட்டிவந்து முதல் வாளித் தண்ணீரை அதுகளுக்கு வைத்தாள்.

தாலுகா அலுவலகத்தில் கூலி தருவதாகச் சொன்னதை அண்ணன் வாங்கவில்லை. அன்று என் வீட்டில்தான் சாப்பிட்டான். என் கணவரும் ஷிஃப்ட் முடிந்து திரும்பியிருந்தார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடசில ஆர்டருக்குத்தான வெட்டின?"

"ஆர்டருக்கு இல்ல." சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். அறுக்கும்போது முழுக்க அதையே யோசித்திருப்பான் போல. "அந்த வழி அவங்களுது. நடந்து நடந்து அவங்களுதாயிடுச்சு. சொத்துன்னா வேலி போட்டதுதான்னு இல்ல. சித்தப்பாதான் அவங்க சொத்த அடச்சுகினாரு. நான் அதத் தொறந்து வுட்டேன்."

"ஆர்டர் இல்லன்னா போலீஸ் வந்திருக்காது. போலீஸ் இல்லன்னா சித்தப்பா அருவாளோட குறுக்க நின்னிருப்பாரு. அப்ப எப்பிடித் தொறந்திருப்ப?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். என் கணவர் என்னைப் பார்த்து, விடு என்பதுபோலத் தலையசைத்தார்.

"கொழம்புல உப்பு கம்மி" என்றான் அண்ணன்.

முகாம் முடிந்த நாளில் அதிகாரி கடைசியாக ஒருமுறை வந்தார். பாயெல்லாம் சுருட்டியாயிற்று. வராந்தாவில் நின்று டீ குடித்தோம். கிராமங்களில் உள்சந்துகள் இன்னும் அடைந்தே கிடக்கின்றன, ஆட்கள் திரும்பி வரவேயில்லை, உங்கள் உத்தரவு இல்லாமல் இருந்திருந்தால் அவை எப்போதோ திறந்திருக்கும் என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருப்பேன்.

அவர் மறுக்கவில்லை. "தெரியும் டீச்சர்" என்றார். "கூலியை ஏற விட்டா, காசு இருக்கறவங்க வீட்டு மரம் முதல்ல போகும். பிடிச்சு வச்சா, யார் வீட்டு மரமும் போகாது. ரெண்டுல எதுக்குன்னு நான் கையெழுத்துப் போட? போடாம இருந்தாலும் கேக்கறாங்க." தம்ளரைக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டு ஜீப்புக்குப் போனார். சில மாதங்களில் மாற்றலாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சித்தப்பாவுக்குப் பாதையில் கிடந்த மரங்களுக்கும் சேர்த்தே இழப்பீடு வந்தது. அவர் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை. தோப்பில் புதுக் கன்றுகள் நட்டு, பாதையின் இரண்டு பக்கமும் முள்கம்பி இழுத்திருக்கிறார். கம்பிகளுக்கு நடுவில் ஜனங்கள் நடக்கிறார்கள். அக்கா இப்போதும் என் வகுப்பறையைத் திறந்து வைக்கிறாள். அண்ணனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. ஒருமுறை நானே கேட்டேன். "அந்தண்ணன் நல்லா அறுத்துச்சு டீச்சர். இன்னுங் கொஞ்சம் முன்னாடி அறுத்திருந்தா ஆடு பொழச்சிருக்கும்" என்றாள்.

இந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னால், புயல் வந்தால் என்ன செய்வது என்று பேச ஒரு கூட்டம் போட்டார்கள். மெஷின் வைத்திருப்பவர் என்ற முறையில் அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். போகமாட்டான் என்றே நினைத்தேன். போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. ஹாலுக்கும் வராந்தாவுக்குமாக நடந்தான்.

"பேச வுட்டாங்களா?"

"வுட்டாங்க. கூலிக்கு ரேட்டு கட்டாதீங்க, வரவன் வரட்டும்னு சொன்னேன். போன தடவ ஆனதையெல்லாம் சொன்னேன். எழுதிகினாங்க."

"முடியாதவங்களுக்கு?"

"அதுவும் சொன்னேன். கைல இல்லாதவங்க எடத்துக்கு நீங்களே அதே கூலிக்கு ஆள எடுத்து அனுப்புங்கன்னேன். யாரையும் கட்டாயப்படுத்த வேணாம், யாரையும் வுட்டுடவும் வேணாம்."

"நல்ல யோசனைதானண்ணா."

"ஒருத்தர் எழுந்து, அதுக்குப் பணம் எங்கேர்ந்து வரும்னு கேட்டாரு."

நின்றான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நீ இன்னா சொன்ன?"

"வாயில வந்துடுச்சு பாப்பா. வரி போடுங்கன்னு. நாக்கு வரைக்கும் வந்துடுச்சு. சொல்ல முடியல." கம்பியை விட்டுவிட்டு மறுபடி நடந்தான். "அதுக்குள்ள அடுத்த ஆளு எழுந்து படகப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு."